சந்திரன் கார் வாங்கிய வெள்ளிக்கிழமை

மைசூரில் பழைய சாமான் என்று எதுவும் கிடையாது, அரண்மனைச் சாமான்தான் உண்டு. கால் உடைந்த நாற்காலி அரண்மனையில் கிடந்தது, ஓடாத கடிகாரம் அரண்மனையில் ஓடியது. விற்கிறவர்கள் சொல்வதையெல்லாம் நம்பினால், அந்த அரண்மனையில் மனிதர் நிற்க இடமே இருந்திருக்காது. சாமான்களைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டுத்தான் தர்பார் நடத்தியிருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஊருக்கு, தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆகஸ்ட் கடைசியில், ஐந்து வார லீவில் மஸ்கட்டிலிருந்து சந்திரன் வந்து இறங்கினார். வந்த மறுநாளே, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கப் போவதாக வீட்டில் அறிவித்தார். சிவப்பு நிறம், திறந்த கார், இரண்டே சீட்டு, இங்கிலீஷ்காரன் செய்ததாக இருக்க வேண்டும்.

சந்திரன் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்து விவசாயி மகன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். இரண்டையும் பிழையில்லாமல் எழுதுவார், இரண்டையும் தயங்கித் தயங்கிப் பேசுவார். மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஆறு வருஷம் நின்றார். பிறகு மஸ்கட்டில் அதே வேலைக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் நின்றார். பதினெட்டு வருஷமாகக் கார்களைத் துண்டு துண்டாக விற்றவர், சொந்தமாக ஒரு காரை முழுதாகக் கண்டதில்லை.

மஸ்கட் கடைக்கு ஹாரிஸ் என்றொரு வெள்ளைக்காரர் வியாழக்கிழமைகளில் தன் சிவப்பு டூ-சீட்டரில் வருவார். அது ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டி, வாரத்துக்கு ஒன்று கழன்று விழும். சந்திரன் எடுத்துக் கொடுத்த சாமான்களை எல்லாம் சேர்த்தால் ஒரு முழுக் காரே தேறும். அந்த மனிதர் ஒருநாளும், "ஏறி உட்கார்ந்து பாருங்கள்" என்று சொன்னதில்லை. சந்திரனும் கேட்டதில்லை.

அவருக்குக் கேட்கவும் வராது, மறுக்கவும் வராது. பாஸ்போர்ட் முதலாளியின் மேஜை டிராயரில் பூட்டிக் கிடக்கும்போது மனிதனுக்கு "ஓகே சார்" தவிர வேறு பாஷை மறந்துவிடுகிறது. அந்தப் பயம் விமானத்தில் அவரோடு சேர்ந்து ஊருக்கும் வந்திருந்தது. வீட்டுத் தெருவில் காய்க்காரம்மா சொத்தைக் கத்தரிக்காயை நிறுத்துப் போட்டாலும், எங்கே கோபித்துக்கொண்டு விசாவை ரத்து செய்துவிடுவாளோ என்பது போல வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

மனைவி வடிவுக்கு இது தெரியும். அதனால்தான் கார் என்றதும் அவள் பேங்க் பாஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக, மைசூரில் அக்ரஹாரம் என்கிற பேட்டையில் இரண்டறை வாடகை வீட்டில் மகளோடு இருந்தபடி அவள் காத்திருந்தது ஒரு முப்பதுக்கு நாற்பது மனைக்காக. ஊர்க் கோடியில் மனையும் பார்த்தாகிவிட்டது. பணம் பேங்கில் இருந்தது. அந்தப் பணத்தில்தான் சந்திரன் இப்போது நாலு சக்கரம் மாட்டப் பார்த்தார்.

"சைட்டு அடுத்த லீவுல வாங்கிக்கலாம். சைட்டு எங்கயும் ஓடிப் போகாது" என்றார்.

"அந்தக் காரும் ஓடாதுன்னுதானுங்க தோணுது" என்றாள் வடிவு. "ரெண்டு சீட்டுங்கறீங்க. நாம மூணு பேரு. உங்க பக்கத்துல நானா, சுசித்ராவா?"

"மாத்தி மாத்திப் போலாம்."

"அப்ப பஸ்ஸுல வர்றவளுக்கு டிக்கெட்டு யாரு எடுக்கறது?"

ஒன்பதாவது படிக்கும் சுசித்ரா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா, மழை பந்த்ரே?" என்று கேட்டாள். மழை வந்தால் என்ன செய்வது என்று சந்திரன் அதுவரை யோசித்திருக்கவில்லை. மஸ்கட்டில் அந்தப் பிரச்சினை இல்லை.

முதலில் தேவராஜ மொஹல்லாவில் மல்லப்பன் என்ற தரகரிடம் போனார். மல்லப்பனின் ஆபீஸ் என்பது ஒரு ஸ்டூல், டெலிபோன் பக்கத்து சைக்கிள் கடையில். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் அவர் யோசிக்காமல் ஒரு கறுப்பு அம்பாசடர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பார்க்க ஸாது ஸ்வாமி. ஓடினா ஸ்போர்ட்ஸ்."

"எனக்கு ரெண்டு சீட்டு இருந்தாப் போதுமுங்க."

"பின்சீட்டைக் கழட்டிட்டா ரெண்டு சீட்டு. அந்த ஜாகாவுல நாலு மூட்டை உருளைக்கிழங்கு ஏத்தலாம். வெள்ளைக்காரன் கார்ல ஏத்த முடியுமா, சொல்லுங்க."

"திறந்த காரா…"

"மேல் தகரத்தை வெட்டறது அரைநாள் வேலை. நீங்க காபி குடிங்க."

சந்திரன் மூன்று காபி குடித்துவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லித்தான் தப்பித்தார். பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே வந்த மல்லப்பன், "மனசு மாறினா அலையக் கூடாது" என்று காரின் சாவியை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனார். துவைக்கும்போது சாவியைக் கண்டெடுத்த வடிவு தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். அன்று சாயங்காலமே சுசித்ராவைக் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் ஒரே ஒரு சத்தியம் வாங்கினாள்: "யாரு எதை நீட்டினாலும் கையெழுத்து மட்டும் போட்றாதீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போடணும்."

சந்திரன் சத்தியம் செய்தார்.

அடுத்தது மைசூர் ஹெப்பாளில் இரண்டு ஃபேக்டரிகளுக்கு நடுவே ஷெட் போட்டிருந்த மஞ்சுநாத். மல்லப்பனைப் போல இல்லை, இஸ்திரி போட்ட ஆள். "தமிழ்லயே பேசுங்க சார், எங்க தாத்தா சேலம்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சந்திரன் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு சேட்டு வந்தார், தாத்தா ஜோத்பூருக்குப் போனார். பிறகு மண்டியாவிலிருந்து ஒரு கரும்பு விவசாயி வந்தார், தாத்தா மத்தூருக்குத் திரும்பினார். ஒரு மத்தியானத்துக்குள் அந்தத் தாத்தா மூன்று ஊரில் பிறந்துவிட்டார்.

மஞ்சுநாத் தார்ப்பாயை இழுத்தார். உள்ளே நின்றது ஹாரிஸின் கார். அதே சிவப்பு, அதே முதலைமூக்கு, அதே இரண்டு சீட்டு. சந்திரன் தானாகவே எழுந்து நின்றார்.

"அரண்மனை வண்டி சார். மகாராணி மார்க்கெட்டுக்குப் போறதுக்குன்னு வரவழைச்சது."

மகாராணி எதற்கு மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் என்று சந்திரன் கேட்கவில்லை. ஓட்டிப் பார்க்கலாமா என்றுதான் கேட்டார். அன்று செவ்வாய்க்கிழமை, புது ஆள் வண்டியில் கை வைக்கக் கூடாதாம். புதன்கிழமை போனார், ராகு காலமாம். பானட்டைத் திறந்து காட்டச் சொன்னார். "முதலாளி ஆகறவர் பூஜை போட்டுத்தான் சார் திறக்கணும். அரண்மனை வழக்கம்" என்றார் மஞ்சுநாத். பதினெட்டு வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் விற்றவர் அதைக் கேட்டுக்கொண்டு வந்தார் என்றால், அந்தச் சிவப்பு பெயிண்ட் செய்த வேலை அப்படி.

வெள்ளிக்கிழமை செக் புக்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். சும்மா ஒரு தைரியத்துக்கு. ஷெட்டில் சஃபாரி சூட் போட்ட ஒருவர் மடியில் சூட்கேஸோடு உட்கார்ந்து, காரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"பெங்களூர் பார்ட்டி" என்று மஞ்சுநாத் காதோடு சொன்னார். "பணத்தோட வந்திருக்கார். நான்தான், சேலத்துக்காரர் ஒருத்தர் கண்ணு வச்சிருக்கார்னு நிறுத்தி வச்சிருக்கேன்."

"நான் ஹனூருங்க."

"எல்லாம் ஒண்ணுதான் சார். விஷயம் என்னன்னா, ஞாயித்துக்கிழமை பித்ரு பட்சம், அதான் மகாளயம், ஆரம்பம். பதினஞ்சு நாள் ஒருத்தன் துடைப்பம்கூட வாங்க மாட்டான், நானும் விக்க மாட்டேன். அது முடிஞ்சா நவராத்திரி, அப்ப விலை வேற. இன்னைக்கு விட்டா விட்டதுதான்."

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, நான் வாங்கிக்கறேன்" என்றார் பெங்களூர் பார்ட்டி, பள்ளிக்கூடத்துப் பையன் செய்யுள் ஒப்பிப்பது போல.

சந்திரனின் கை செக் புக் இருந்த பைக்குப் போனது. அந்த நேரத்தில் மஞ்சுநாத் ஒரு தட்டை நீட்டினார். இரண்டு வெற்றிலை, கொட்டைப்பாக்கு, ஒரு வாழைப்பழம், ஒற்றை ரூபாய். "எடுத்துக்குங்க சார்."

மஸ்கட்டில் யார் தட்டை நீட்டினாலும் அதில் பேரீச்சம்பழம் இருக்கும், எடுக்காவிட்டால் நீட்டியவர் முகம் வாடும். சந்திரன் மரியாதையாக இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். ஷெட்டில் இருந்த ஐந்து மெக்கானிக்குகளும் கை தட்டினார்கள்.

"முடிஞ்சது" என்றார் மஞ்சுநாத். "வெத்தலை வாங்கிட்டார். வண்டி சார்வாளோடது."

அப்போதுதான் சந்திரனுக்கு உறைத்தது. ஹனூர்ச் சந்தையில் அப்பா மாடு விற்கும்போது எத்தனை தடவை பார்த்திருக்கிறார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி, கடைசியில் வெற்றிலை கை மாறும். மாறிவிட்டால் மாடு மறுநாள் செத்தாலும் பேச்சு மாறாது. பேச்சு மாறியவனுக்கு மறுபடி யாரும் மாட்டுக் கயிறு கொடுக்க மாட்டார்கள். வடிவு கையெழுத்துக்குத்தான் காவல் போட்டிருந்தாள், வெற்றிலைக்குப் போடவில்லை.

பெங்களூர் பார்ட்டி "போச்சே" என்று எழுந்தார். சூட்கேஸ் வழுக்கி விழுந்து வாயைப் பிளந்தது. உள்ளே ஒரு டிபன் பாக்ஸும் துண்டும் இருந்தன. அதைப் பார்க்கிற நிலையில் சந்திரன் இல்லை.

எதிர்சாரி மாரம்மன் கோயில் பூசாரி தொட்டையனை அழைத்து வந்தார்கள். அவர் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, குங்குமக் கிண்ணத்தோடு முன்னால் வந்து, "பானட்டைத் தொறங்க" என்றார்.

"மேலயே வச்சிருங்க பூசாரி, போதும்" என்றார் மஞ்சுநாத்.

"எஞ்சினுக்கு வைக்காம தகரத்துக்கா வைக்கறது? உயிரு அங்கல்லவா இருக்குது."

"நேரமாகுது. செக் எழுதணும்."

"நீங்க எழுதுங்க, வேண்டாங்கல. நான் பூஜை போட்ட லாரி ஊட்டி மலை ஏறி எறங்குது. நாளைக்கு இது ரிங் ரோட்டுல நின்னா உங்க பேரா கெடும்? தொட்டையன் பேருதான் கெடும். தொறங்க."

திறந்தார்கள். சந்திரன் எட்டிப் பார்த்தார்.

கோபம் வரவில்லை. கவுண்டரில் சாமானைக் கண்டதும் பெயர் சொல்லும் வாய், தானாகச் சொல்ல ஆரம்பித்தது. "ரேடியேட்டர், ஜீப்பு. கார்புரேட்டர், அம்பாசடர். ஃபேன் பெல்ட்டு…" குனிந்தார். "மாவு மில்லு."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தொட்டையன் ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்தார்.

"எல்லாம் ஒரிஜினல் சார்" என்றார் மஞ்சுநாத்.

"ஆமாங்க" என்றார் சந்திரன். "ஒரிஜினல் ஜீப் ரேடியேட்டருங்க."

அவர் சண்டைக்குப் பேசவில்லை, ஒத்துக்கொள்ளத்தான் பேசினார். ஒத்துக்கொண்டபடியே காரைச் சுற்றி வந்தார். ஹெட்லைட், டிராக்டர். வைப்பர், டெம்போ. கதவைத் தட்டிப் பார்த்தார், தகரத்தின் சத்தமே இல்லை, முழுக்கப் பட்டிப் பூச்சு. கடைசியில் உள்ளே கை விட்டு ஸ்டீரிங் வீலைத் தொட்டார். மூன்று கம்பி வைத்த சக்கரம், விளிம்பின் அடியில் விரலுக்குத் தட்டுப்படும் எண். ஹாரிஸுக்கு அவரே இரண்டு விற்றிருக்கிறார்.

"இது மட்டும் இங்கிலீஷுங்க."

மஞ்சுநாத்தின் குரலில் சேலம் போய்விட்டது. "இதோ பாருங்க. அஞ்சு பேர் பார்க்க வெத்தலை வாங்கியிருக்கீங்க. இப்ப வேண்டாம்னா, நீங்க எந்த ஊர் மனுஷன்?"

சட்டைப் பையில் செக் புக் சுட்டது. இன்னும் ஒரு நிமிஷம் அப்படி நின்றிருந்தால் சந்திரன் எழுதிக் கொடுத்திருப்பார். வடிவின் மனை அந்த ஷெட்டிலேயே பட்டி பூசிச் சிவப்படித்துப் போயிருக்கும்.

"வேண்டாம்னு சொல்லலீங்க" என்றார். கை ஸ்டீரிங்கிலேயே இருந்தது. "இங்கிலீஷ் காருன்னு சொல்லித்தான் வெத்தலை குடுத்தீங்க. இங்கிலீஷ் காருக்குத்தான் நானும் வாங்கினேன். பேச்சு மாற மாட்டனுங்க. இதுல இங்கிலீஷா எது இருக்குதோ, அதை எடுத்துக்கறேன். ஜீப்புக்கும் மாவு மில்லுக்கும் நான் வெத்தலை வாங்கலீங்களே."

தொட்டையன் கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "சரிதான். மாட்டைக் காட்டிட்டுக் கழுதையைக் கட்டினா, வெத்தலை மாட்டுக்குத்தான் சேரும்."

"ஸ்டீரிங்கைக் கழட்டிட்டா மிச்ச வண்டியை எவன் வாங்குவான்?" என்றார் மஞ்சுநாத்.

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, நான் வாங்கிக்கறேன்" என்றார் பெங்களூர் பார்ட்டி, பழக்க தோஷத்தில்.

மெக்கானிக்குகள் ஐந்து பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவனுக்கு இருமல் வந்தது.

கேட்லாக் விலையில் பாதி என்று முடிவாயிற்று. சந்திரன் செக்கைத் தொடாமல் பர்ஸிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். தொட்டையன் விடவில்லை, ஸ்டீரிங்கையும் ஒரு எலுமிச்சம்பழத்தின் மேல் உருட்டினார். கனம் போதாமல் பழம் நசுங்கவில்லை. அதைக் காலால் ஒரு மிதி மிதித்து, "ஆச்சு, பத்திரமா ஓட்டுங்க" என்று தட்சிணை வாங்கிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் கூட்டம். ஸ்டீரிங்கை மார்போடு அணைத்து நின்ற சந்திரனைக் கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். "நம்ம டிரைவர் மேல நம்பிக்கை இல்லியா சார்?"

வீட்டில் வடிவு அந்தச் சக்கரத்தையும் அதிலிருந்த குங்குமத்தையும் பார்த்தாள். அவர் பையிலிருந்து செக் புக்கை எடுத்துப் புரட்டினாள். ஒரு தாளும் கிழியவில்லை. அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

"மிச்ச காரு எப்ப வரும்பா?" என்றாள் சுசித்ரா.

"வராது" என்றார் சந்திரன். நடந்ததை ஆதியோடு அந்தமாகச் சொன்னார். வெற்றிலை வாங்கிய இடம் வந்ததும் வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். முடித்ததும் எழுந்து, கொடியிலிருந்து நல்ல புடவையை எடுத்து மடித்து வைத்தாள்.

"நாளைக்குச் சனிக்கிழமை. பித்ரு பட்சம் பொறக்கறதுக்குள்ள போய் சைட்டுக்காரரோட வெத்தலை மாத்திக்கலாம். நீங்களும் வாங்க."

"சரி."

"தட்டை நான் வாங்கிக்கறேன். நீங்க கையைக் கட்டிட்டு நில்லுங்க."