தர்க்கக் கூட்டத்துக்குப் போட்ட பந்தல்

ரத்தினம்மாளின் குரலைப் பற்றித் திருத்தணி ஸ்டேஷனில் ஒரு கேலி உண்டு. ரயில் ஊதுவதற்கு முன்பே அவள் ஊதிவிடுவாள் என்பார்கள். வேகவைத்த வேர்க்கடலைக் கூடையோடு பிளாட்பாரத்தின் இந்தக் கோடியில் நின்று அவள் கூவினால், கடைசிப் பெட்டியில் தூங்குகிறவன் எழுந்து சில்லறை தேடுவான். அப்பேர்ப்பட்ட குரல், யுத்தம் முடிந்த மறு வருஷம் ஆடி மாசத்தில், கடலையை மறந்துவிட்டு வேறொன்றைக் கூவிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் சர்ச்சு மைதானத்துல தர்க்கம். உபதேசியாரும் அரக்கோணத்து ஐயாவும் நேருக்கு நேரா பேசப் போறாங்க. எல்லாரும் வாங்க."

விஷயம் இதுதான். யார் மோட்சத்துக்குப் போவார், யார் போகமாட்டார் என்பதை உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் முன்குறித்துவிட்டார் என்று சபையின் உபதேசியார் ஜெபரத்தினம் பிரசங்கம் செய்ய ஆரம்பித்திருந்தார். அரக்கோணத்திலிருந்து சைக்கிளில் வந்துபோகும் சீமோன் பிரசங்கியாருக்கு அது பொறுக்கவில்லை. மனுஷனுக்குச் சுயசித்தம் உண்டு, இரட்சிப்பு வேண்டுமென்றவன் கைநீட்டி வாங்கிக்கொள்ளலாம், வேண்டாதவன் விட்டுவிடலாம் என்பது அவர் கட்சி. சின்னச் சபைதான், ஆனாலும் இரண்டாகப் பிளந்துகொண்டது. ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடினவர்கள் முன்குறிப்புக் கட்சி இந்தப் பக்கம், சுயசித்தக் கட்சி அந்தப் பக்கம் என்று இடம் மாறி உட்கார்ந்தார்கள். ரத்தினம்மாளின் புருஷன் எலியேசர் ரயில்வேயில் கேங்மேன். அவன் தண்டவாளத்தில் சம்மட்டி அடிக்கும்போதுகூடப் பக்கத்து ஆளோடு முன்குறிப்பைப் பற்றி வாய்ச்சண்டை போட்டான். கடைசியில், பொதுவில் மூன்று சாயங்காலம் பேசித் தீர்த்துக்கொள்வது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

மற்றவர்களுக்கு அது சேவல் சண்டை பார்க்கிற குஷி. ரத்தினம்மாளுக்கு உயிர் போகிற காரியம். அவளுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் பங்காரு. எலியேசரைக் கட்டிக்கொள்ளும்போது ஞானஸ்நானம் வாங்கி ரத்தினம்மாள் ஆனாள். அவளுடைய ஒரே அண்ணன் முனியன் மட்டும் மாறவில்லை. நைனாவும் அம்மாவும் காலராவில் போன பிறகு அவளை இடுப்பில் சுமந்து வளர்த்தவன் அவன்தான். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலையேறுவான். இறங்கினதும் மொட்டைத் தலையும் திருநீறுமாக நேரே தங்கச்சி வீட்டுக்கு வந்து கூழ் குடிப்பான். அவன் குடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம், நாம் மோட்சத்துக்குப் போய் உட்கார்ந்தால் இந்த ஆள் எங்கே போவான் என்று நினைப்பாள். கேட்டுத் தெரிந்துகொள்ள இத்தனை வருஷம் வாய் வரவில்லை.

முனியனுக்குப் பந்தல் போடுவது தொழில். கிருத்திகைக்குப் போட்ட தண்ணீர்ப் பந்தலைப் பிரித்த சவுக்குக் கம்புகளையும் கீற்றுகளையும் அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு சர்ச்சு மைதானத்தில் வந்து இறக்கினான்.

"தங்கச்சி வீட்டு விசேஷம். அண்ணன் நான் இருக்கும்போது வேற எவன் பந்தல் போடுறது?" என்றான்.

"விசேஷம் இல்லண்ணா. தர்க்கம்."

"இன்னாவோ ஒண்ணு. வெயில்ல உக்காந்து தர்க்கம் பண்ணா மண்ட காஞ்சிடாதா?"

அவள் கல்யாணத்துக்கும் இதே சர்ச்சு வாசலில் பந்தல் போட்டுவிட்டு, உள்ளே வராமல், கம்பைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்றவன் அவன். கூலி என்ற பேச்சை எடுத்தாலே கோபித்துக்கொள்வான்.

முதல் சாயங்காலம் பந்தல் பிதுங்கியது. கனகம்மாசத்திரத்திலிருந்தும் மணவூரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மலைக்கு வந்த பக்தர்களில் நாலு பேர்கூட என்ன கூத்து என்று எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஜெபரத்தினம் எழுந்து மேலே கை காட்டினார்.

"இந்தப் பந்தலப் பாருங்க. எந்தக் கம்பு எங்க நிக்கணும்னு கம்பு முடிவு பண்ணிச்சா? போட்டவன் முன்னாடியே மனசுல தீர்மானம் பண்ணிட்டான். ஆண்டவர் தமக்குன்னு ஆளத் தெரிஞ்சுக்கிறது, அதாவது பொறுக்கி எடுக்கிறது, மனுஷனோட செய்கைய வெச்சு இல்ல. அவரு சித்தம், அவ்ளோதான்."

ரத்தினம்மாள் துள்ளி எழாத குறை. செய்கை கணக்கில் வராது என்றால் காவடியும் கணக்கில் வராது. அண்ணனை ஆண்டவர் எப்பவோ அப்படிப் பொறுக்கித் தெரிந்துகொண்டிருந்தால்? அவன் எத்தனை முறை மலையேறினால்தான் என்ன? அவள் தட்டின கைத்தட்டலில் கீற்றில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்தது.

மறுநாள் சீமோன் பிரசங்கியாரின் முறை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதே பந்தலைக் காட்டினார்.

"இந்தப் பந்தலுக்குச் சுவர் இருக்குதா? கதவு இருக்குதா? நாலு பக்கமும் தொறந்து கெடக்குது. வர்றவன் வரலாம். கடைசி மூச்சு மட்டும் நேரம் இருக்குது."

அதற்கும் அவள் கை தட்டினாள். கடைசி மூச்சு வரைக்கும் நேரம் இருக்கிறதென்றால் இன்னும் என்ன வேண்டும்? அண்ணன் இரும்பு மாதிரி இருக்கிறான்.

"நீ எந்தக் கட்சிடி?" என்று எலியேசர் அவள் தோளை இடித்தான்.

"ரெண்டு கட்சியும்தான். போய்யா."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே போனாள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அண்ணனுக்கு ஒரு வழி இருக்கிறது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு கிடையாது.

மூன்றாம் சாயங்காலம் இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் வசனம் சொன்னால் மற்றவர் மறு வசனம் சொன்னார். ஒருவர் குயவனையும் களிமண்ணையும் இழுத்தால் மற்றவர் கதவையும் தட்டுகிறவனையும் இழுத்தார். நேற்று வரைக்கும் எச்சில் விழுங்கிக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் இப்போது ஒவ்வொரு பதிலுக்கும் ஆரவாரம் செய்தது. பொழுது சாயும் நேரத்தில், கேள்வி கேட்கிறவர்கள் கேட்கலாம் என்றார்கள். முனியன் அப்போதுதான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போயிருந்தான். அவன் போனதைப் பார்த்துவிட்டு ரத்தினம்மாள் எழுந்தாள். ஸ்டேஷனையே எழுப்புகிற அந்தக் குரல் கொஞ்சம் நடுங்கிற்று.

"ஐயா, இந்தப் பந்தல் போட்ட எங்கண்ணன் முனியன். காவடி எடுக்கிறவரு. அவருக்கு இரட்சிப்பு உண்டுங்களா?"

ஜெபரத்தினம் கண்ணை மூடி யோசித்தார்.

"தெரிஞ்சுக்கொள்ளப்பட்டவன்னா அதுக்கு அடையாளம் தெரியும்மா. காவடி தூக்குறவன்கிட்ட அது தெரியல. இல்லன்னுதான் சொல்லணும்."

அவள் அவசரமாகச் சீமோனின் பக்கம் திரும்பினாள். அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"இத்தினி வருஷமா சுவிசேஷத்தக் காதுல கேட்டுகினே வேணாங்கிறாரு. அவரே தள்ளிட்டாரும்மா. இல்லதான்."

ஜெபரத்தினம், "ஆங், சரிதான்," என்றார். மூன்று நாளில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். ரத்தினம்மாளுக்கு முகம் சூடேறியது. அவளுக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

"மூணு நாளா ஒரு வார்த்தைல ஒத்துப்போவல நீங்க. எங்கண்ணன நரகத்துக்கு அனுப்புறதுல மட்டும் ஒத்துக்கினீங்க. அவரு போட்ட நெழல்ல உக்காந்து, அவரு பந்தலயே காட்டிக் காட்டிப் பேசிட்டு, அவருக்கு மட்டும் எடம் இல்லன்றீங்க. அவரு இல்லாத மோட்சத்துல நான் போயி யாருக்குக் கூழு ஊத்தட்டும்?"

எலியேசர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் உட்காரவில்லை. ஜெபரத்தினம் தன் வேதப் புத்தகத்தின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

அந்த நேரம் பார்த்து முனியன் தண்ணீர்க் குடத்தோடு வந்து சேர்ந்தான். பிரசங்கியார்களுக்கு ஆளுக்கொரு சொம்பு மொண்டு கொடுத்தான். இரண்டு பேரும் அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தார்கள். பிறகு அவன் இடுப்பிலிருந்த கொடுவாளை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல வெளிக்கம்பின் பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னா பங்காரு, முடிஞ்சிதா? யாரு செயிச்சாங்க?"

ரத்தினம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனிடம் போனாள்.

"முடியலண்ணா."

"நாளைக்கு கனகம்மாசத்திரத்துல ஒரு கல்யாணப் பந்தல் இருக்குது. இந்தக் கீத்துதான் அங்க போவணும். பிரிச்சிடட்டுமா?"

"வேணாண்ணா. அவங்க இன்னும் பேசணும். இது நிக்கட்டும்."

முனியன் பந்தலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். தங்கச்சியின் முகத்தையும் பார்த்தான்.

"சரி. கல்யாணத்துக்கு வேற கீத்து பாத்துக்கிறேன்."

கொடுவாளைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பில் ஏறி, காற்றில் தளர்ந்திருந்த முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டினான்.