கெடுத்தவர் என்ற கடைசி வரி

புத்தகத்தைச் சுவரலமாரியிலிருந்து உருவினேன். முதுகு மட்டும் கையோடு வந்தது.

நிவித்திகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புத்தகத்தைக் கண்டால் சோற்றை மறக்கிற வியாதி எனக்கு. முதுகு இருந்த இடத்தில் வெறும் பலகை தெரிந்தது.

“இழுக்காதீங்க சேர், ஒட்டியிருக்கு,” என்றார் பரிமாறிய பெண். “பலகை பாரம் தாங்காதுன்னு உள்ளுக்கு உள்ளதெல்லாம் வெட்டி எடுத்துட்டாங்க. பாக்க அழகா இருக்குதானே?”

வெட்டியவனைத் திட்ட எனக்கு மூன்று மொழி தெரியும். மூன்றும் போதவில்லை. முதுகின் அடியில் நீல மையில் ஓர் இலக்கம். ஹனீபா நானாவின் கையெழுத்து. மூக்கருகே கொண்டுபோனேன். வாடிய தேயிலைக் கொழுந்தின் வாசம். இத்தனை வருடம் நின்றிருக்க நியாயமில்லை, ஆனாலும் அடித்தது.

முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். அவருக்கு ஓப்பநாயக்கவில் சில்லறைக் கடை. சாமான் சுற்ற நிறுத்து வாங்கிய பழைய தாள்களுக்குள் ஒருநாள் ஏதோ அச்சகத்தின் எழுத்து மாதிரிப் புத்தகம் கிடந்தது. அத்தோடு பருப்பு வாங்க வந்தவர்கள் பை கொண்டுவர வேண்டியதாயிற்று. பிறகு அவர் சேர்த்ததெல்லாம் புத்தகங்களைப் பற்றிய புத்தகங்கள்தான்: தாள் செய்த கதை, அச்சு இயந்திரக் கையேடு, பைண்டர்களின் பாடநூல், செத்துப்போன புத்தகக் கடைகளின் பட்டியல். இதையெல்லாம் படிக்கிறீர்களா என்று கேட்டேன்.

“படிக்க ஊருல ஆள் ஈக்கி தம்பி. இத ஆரு அச்சடிச்ச, ஆரு தச்சண்டு கேக்கத்தான் நான் ஈக்கிறன்.”

ஒவ்வொரு புத்தகத்துக்கும் இலக்கமிட்டு ஓர் அட்டை எழுதுவார். அச்சிட்டவர், ஊர், தாள், தையல். கடைசி வரி, கெடுத்தவர். அதில் பெரும்பாலும் கரையான் இருக்கும், அல்லது எங்கள் மழை.

அந்த மழைக்கு மருந்து என்னிடம் இருந்தது. நான் அப்போது தேயிலைத் தொழிற்சாலையில் சின்னக் கிளாக்கர். கொழுந்து வராத ஞாயிறுகளில், அதை ஈரம் போக வாட்டும் மாடித் தட்டுகளில் நானாவின் புத்தகங்களை விரித்துக் காற்றாடியைப் போடுவோம். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா காணாதவர் மாதிரி கடந்துபோவார், திங்கட்கிழமை மட்டும், “ஒங்க கொழுந்து வாடிருச்சா?” என்று கேட்பார்.

ஒருமுறை நானாவை மகிழ்விக்க நினைத்து, நைந்த புத்தகமொன்றை இரத்தினபுரியில் வெள்ளைத் துணியில் பைண்ட் செய்து கொண்டுவந்தேன். பைண்டர் பழைய மேலட்டையை எறிந்து, ஓரங்களை மழமழவென்று வெட்டியிருந்தார். நானா வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

“நல்லாக் கபன் உடுத்தித்தான் கொண்டாந்தீக்கிறீங்க.”

கபன், மையத்துக்குச் சுற்றும் வெள்ளைத் துணி. அந்தப் புத்தகத்துக்கு எழுதிய அட்டையின் கடைசி வரியில் என் பெயரை எழுதினார். ஒரு மாதம் நான் கடைப்பக்கம் போகவில்லை.

நானா மௌத்தாகி அடக்கமான பிறகு, வாசிகசாலை வைக்கப்போகிறோம் என்று பங்களாக்காரர்கள் வந்தார்கள். மகனுக்கு மனமில்லை. “வாப்பாட பொத்தகம் ஊட்டுலயே ஈக்கட்டும்,” என்றார். ஈரம், கரையான், எதிர்காலத் தலைமுறை என்றெல்லாம் இரண்டு மணிநேரம் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தவன் நான். கையளிப்பு விழாவில் நன்றியுரையும் நான்தான். நல்ல கைதட்டல். நானா எழுதிய அட்டைகள் இருந்த பெட்டியை மட்டும் அவர்கள் வேண்டாம் என்றார்கள், அலமாரிக்குப் பொருந்தாதாம்; அது என் வீட்டுக்கு வந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதுகைச் சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இலக்கத்தைப் பார்த்து அட்டையைத் தேடி எடுத்தேன். அச்சிட்டவர் இருந்தார், ஊர் இருந்தது. தையல்: உறுதி. ஓரம்: வெட்டாதது. கெடுத்தவர்: யாருமில்லை.

தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். வாட்டும் தட்டுகள் பழைய இரும்புக்குப் போயின. நானாவின் கடையில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள். அந்தக் கணக்கற்ற தாள்கள் எந்த அடுப்பில் எரிந்தன என்று ஹோட்டலில் யாருக்கும் தெரியாது, கேட்டால் சிரிக்கிறார்கள்.

‘யாருமில்லை’ என்பதை அடித்து என் பெயரை எழுதினேன். பெட்டியில் அடுத்த அட்டையை எடுத்தேன்.