இருபத்து நாலு மணி நேர மிஷின்

ஒரே மாதத்தில் மூன்று தடவை எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவை, ஆபீஸ் போகும் லோக்கல் ரயிலில், வாசல் பக்கம் நிற்கும்போது. பின்னால் நின்றவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்திராவிட்டால் வடாலா ஸ்டேஷனுக்கும் சீவ்ரிக்கும் நடுவில் என் கதை முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை விரதம்தான் காரணம் என்றார் கணவர். மூன்றில் இரண்டு செவ்வாய்க்கிழமை நடந்தது என்று சொன்னால் காதில் வாங்கினால்தானே.

செம்பூர் டாக்டர் நாடி பிடித்தார். நிமிஷத்துக்கு நாற்பத்திரண்டு. நான் சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரை நாடியை மந்தமாக்கும் என்று அதை நிறுத்தி, வேறு கொடுத்துப் பார்த்தார். கண் இருட்டுவது நிற்கவில்லை. பிறகு நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்ன மிஷினை மாட்டிவிட்டார். ஒரு நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிவு செய்யுமாம். தலை சுற்றினால் பட்டனை அமுக்கி நேரத்தை எழுதிவைக்க வேண்டும்.

லோக்கல் கூட்டத்தில் மிஷின் நசுங்கிப்போகும் என்று கணவர் என்னை லீவு போட வைத்தார். நானும் மகாராணி மாதிரி படுத்துக்கிடந்தேன். பதிவைப் பார்த்த டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தினமும் என்ன செய்வீர்களோ அதைச் செய்யத்தான் மிஷின், படுக்கவா கொடுத்தேன் என்று ஹிந்தியில் கேட்டார். மறுபடியும் மாட்டிவிட்டார்.

எங்கள் லேடீஸ் பெட்டியில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்திருப்பவளிடம் எங்கே இறங்குவாய் என்று கேட்டு, அவள் எழுந்ததும் அந்த சீட் எனக்கு என்று சொல்லிவைத்துவிடுவோம். அன்று என் ரயில் சிநேகிதிகள் எனக்காக ஒரு சீட் பிடித்துவைத்திருந்தார்கள். உட்காரமாட்டேன் என்றதும் அவர்களுக்குக் கோபம். விஷயத்தைச் சொன்னேன். உடனே வாசலுக்கும் எனக்கும் நடுவில் நாலு பேர் சுவராக நின்றுகொண்டார்கள். எனக்கு உள்ளூர பயம்தான். ஆனால் இன்றைக்கும் அந்த மயக்கம் மிஷினில் பிடிபடாவிட்டால், அடுத்த முறை யார் இழுப்பார்கள்?

வடாலா தாண்டியதும் கண் இருட்டியது. பட்டனை அமுக்கினேன். மயக்கம் வந்ததற்குச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் டாக்டர் சிரிக்கவில்லை. இதயத்தில் துடிப்பு கிளம்புகிற இடமே சோர்ந்துவிட்டது, ஸ்டேஷன் படி ஏறும்போதுகூட நாடி கூடவில்லை, இதற்கு மாத்திரை போதாது, பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார். பட்டன் அமுக்கிய நேரத்துக் காகிதத்தைக் காட்டினார். மேலும் கீழுமாக ஓடிய கோடு ஓரிடத்தில் படுத்துவிட்டது. நாலு செகண்ட் துடிப்பே இல்லை.

கூட வந்திருந்த கணவர் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தா?"

தமிழில் கேட்டார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்க்கவில்லை. டாக்டர் ஆபரேஷன் சம்மதப் படிவத்தை எங்கள் பக்கம் தள்ளினார். கரண்ட் பில்லைக்கூட வரி வரியாகப் படிக்கிற மனுஷன், அதில் ஒரு எழுத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நோயாளி போட வேண்டிய இடத்தில் போட்டிருந்தார். டாக்டர் வேறு படிவம் எடுத்துவரப் போனார்.