கணக்கு குரூப் இல்லாம இன்ஜினியரிங் கேட்டேன்

நம்ம சபையில என்னைத் தெரியாதவங்க இருக்க முடியாது. "மழை வேணும்னு நாம ஜெபிக்கிற அன்னைக்கே, களத்துல நெல்லு காயப் போட்டவங்க வேணாம்னு ஜெபிச்சா ஆண்டவர் யார் பக்கம்?"னு ஞாயிறு பள்ளியில கேட்டு டீச்சரை முழிக்க வச்சது நான்தான். "உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும்டி"ன்னு அம்மா திட்டாத நாள் இல்ல. அந்த வாயை வச்சே ஆண்டவர் எனக்கு என்ன செஞ்சாருன்னு சொல்லத்தான் இன்னைக்கு முன்னாடி வந்து நிக்கிறேன்.

சின்னப் புள்ளையிலேர்ந்து எனக்கு மெஷின்னா பைத்தியம். இன்ஜினியர் ஆகணும், அவ்வளவுதான். பதினொண்ணாவதுல குரூப் எடுக்க அப்பாவும் கூட வந்தாரு. ஃபாரத்துல வணிகவியல், கணக்குப்பதிவியல், கணினிப் பயன்பாடுகள்னு ஒரு குரூப் இருந்துச்சு. "கணக்கும் இருக்கு, கம்ப்யூட்டரும் இருக்கு. இதுதாம்மா இன்ஜினியருக்கு"ன்னாரு அப்பா. எனக்கும் சரின்னு பட்டுச்சு. ஊரையே கேள்வி கேக்குறவ, அன்னைக்கு மட்டும் ஒரு கேள்வியும் கேக்கல.

கணக்குப்பதிவியல்னா வரவு செலவு எழுதுறதுன்னு வகுப்புல உக்காந்தப்புறம்தான் புரிஞ்சுது. கம்ப்யூட்டர் இருக்கே, பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். ப்ளஸ் டூ முடிச்சு, கவுன்சலிங்குக்கு அப்ளிகேஷன் போட பாபநாசத்துல ஒரு ப்ரவுசிங் சென்டருக்குப் போனோம். அங்க இருந்த அக்கா மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "கணிதமும் இல்ல, பிசிக்ஸும் இல்ல. இதை வச்சு இன்ஜினியரிங் போட முடியாதேம்மா." அப்பா முகத்தைப் பாக்க முடியல.

மூணு வாரம் அழுதேன். பி.காம். படியேன்னு எல்லாரும் சொன்னாங்க. முழங்கால்ல நின்னு ஆண்டவர்கிட்ட சண்டையே போட்டேன். "தெரியாமத்தானே செஞ்சேன்? வேற வழி இருந்தா காட்டுங்க. இல்லேன்னா இந்த ஆசையை எடுத்துடுங்க." வழியும் வரல, ஆசையும் போகல.

ஜூன்ல குறுவை நடவு. நடவு மெஷினுக்கு நாத்து எடுத்துக் குடுக்குற வேலைக்கு அப்பா போயிருந்தாரு. சாப்பாடு கொண்டு போனா, மெஷின் பாதி வயல்ல நிக்குது. மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் சேத்துல நின்னு கழட்டிக்கிட்டிருந்தாரு. நான் சும்மா இருப்பேனா? "ஏண்ணே, ஒரு பக்கம் மட்டும் ஏன் நடல? செயின் கோளாறா? அந்தப் பல்லு எதுக்கு? அது தேஞ்சா என்ன ஆவும்?"

அவருக்குக் கடுப்பாயிடுச்சு. "இந்தக் குடை குடையுறியே, நீ என்ன பாலிடெக்னிக் பொண்ணா?"

"இல்லண்ணே, எனக்குக் கணக்கு குரூப் இல்ல."

"பாலிடெக்னிக்குக்கு யாரு ப்ளஸ் டூ கேட்டா? பத்தாவது பாஸ் போதும். டிப்ளமோ முடிச்சா நேரா பி.இ. ரெண்டாம் வருஷம். என் தங்கச்சி அப்படித்தான் போனா."

அப்பா கையில இருந்த நாத்தை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தாரு. விசாரிச்சா, விண்ணப்பிக்க ரெண்டே நாள் பாக்கி. பத்தாவது மார்க் ஷீட் எங்க பீரோவுலயே இருந்துச்சு. அந்த பீரோ பக்கத்துல உக்காந்துதான் மூணு வாரமும் அழுதிருக்கேன்.

மெக்கானிக்கல் டிப்ளமோ கிடைச்சுது. முதல் செமஸ்டர்ல கணக்குல அரியர் வச்சேன், அதையும் மறைக்கல. அழுதுக்கிட்டே போட்டுப் போட்டுப் பாத்து அடுத்த தடவை பாஸ் பண்ணேன். மூணு வருஷ டிப்ளமோவை முடிச்சு, போன வாரம் பி.இ. ரெண்டாம் வருஷத்துல சேந்துட்டேன்.

அந்த மெக்கானிக் அண்ணன் தேவதூதன் இல்ல, கையெல்லாம் கிரீஸ். நம்ம சபை வாசலைக்கூட மிதிச்சதில்ல. பதில் யார் வாயில வரும்னு நமக்கென்ன தெரியும்? அதனால ஆண்டவர்கிட்ட கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு உக்காந்துடாதீங்க, மனுஷங்ககிட்டயும் வெக்கப்படாம கேளுங்க.

காலேஜ்ல சேந்த அன்னைக்கு அம்மா ஒண்ணை ஒத்துக்கிட்டாங்க. நான் பேசப் பழகின நாள்லேர்ந்து, "இவ வாயைக் கொஞ்சம் அடக்கும் ஆண்டவரே"ன்னு தினமும் ஜெபிச்சாங்களாம். அந்த ஒரு ஜெபத்தை அவர் கேக்காம விட்டாரே, அதுக்குத்தான் என்னோட முதல் ஸ்தோத்திரம்.