பேனாவைக் கீழே வைத்தவர்

மல்லிகா இறந்த செய்தி எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாரோ கேட்டிருந்ததற்குக் கீழே, அவருடைய தம்பி இரண்டு வரி எழுதியிருந்தார். மாரடைப்பு. நான் அலுவலகத்தில் இருந்தேன். அன்று என்ன வேலை செய்தேன் என்று நினைவில்லை.

அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்ன, ஆலை அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் ஆளெடுக்கும் மல்லிகா மேடம். எனக்கு எதிர்வீட்டுக்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுவார்.

என் கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்து, கருமத்தம்பட்டியில் இருந்த விசைத்தறிகளை விற்றுவிட்டு, ஆர்.எஸ்.புரத்துக்கு நாங்கள் குடிவந்த வருடம் அது. நான் வேலைக்குப் போனால்தான் வீடு நடக்கும். பி.காம். முடித்த கையோடு கல்யாணம்; வெளியே வேலை பார்த்ததே இல்லை. ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். போகப் பயமாக இருக்கிறது என்றேன். மல்லிகா தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கையில் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"உக்காருங்க. உங்களப் பத்திச் சொல்லுங்க."

"ஏன் அம்மணி, என்னையத் தெரியாதாக்கும்?"

"தெரியாதுங்க. காலைல எங்கூட்டுல தயிருக்கு ஒறமோர் வாங்கீட்டுப் போனது வேற யாரோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"இத்தன வருசம் என்ன பண்ணீட்டு இருந்தீங்க?"

"சும்மா ஊட்லதானுங்க இருந்தேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தறிக்கு நூல் வாங்குனது யாருங்க்கா?"

"நாந்தான்."

"நூல் மட்டமா இருக்குதுன்னு லாரியோட திருப்பி அனுப்புனீங்களே?"

"அவரு ஆஸ்பத்திரில இருந்தாரு, நாந்தான் அனுப்பிச்சேன்."

"தீபாவளிக்கு ஊருக்குப் போன தறி ஆளுகளத் திரும்பக் கூட்டியாந்தது?"

"அதெல்லாம் நம்மூட்டு வேலைதானே அம்மணி. கூடமாட ஒத்தாசை."

"அந்த ஒத்தாசைக்குத்தான் அங்க ஆள் தேடறாங்க!"

எங்கள் பக்கத்தில் தறிக்கூடத்தையே நடத்துகிற பெண்ணைக் கேட்டாலும், "அவரு பாத்துக்கறாருங்க" என்பாள். அதை நான் அடக்கம் என்று நினைத்திருந்தேன். மல்லிகா பொய் என்றார். "பெருமை பேச வேண்டாங்க்கா. நடந்ததச் சொல்லுங்க, போதும்."

நேர்காணலுக்கு முந்தின நாள், கை நடுங்குகிறது என்று அவரிடம் சொன்னேன். "கேக்கறவங்களுக்கும் நடுங்குமுங்க்கா. ஒருத்தர் பொழப்பு நம்ம கையில இருக்குதே. எதுக்குப் பேனாவப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறோம்னு நெனச்சீங்க?" என்றார்.

மறுநாள் அங்கேயும், இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்ற அதே கேள்வி வந்தது. பழைய பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேசைமேல் கிடந்த மல்லிகாவின் பேனா நினைவுக்கு வர, லாரியைத் திருப்பியனுப்பிய கதையைச் சொன்னேன். கணினியில் ஏதோ கேட்டார்கள். தெரியாது, கற்றுக்கொள்வேன் என்றேன். வேலை கிடைத்து லட்டு கொண்டுபோய்க் கொடுத்தபோது, "அந்த லாரிக்காரருக்கும் ஒண்ணு எடுத்து வைங்க" என்றார் மல்லிகா.

இப்போது என் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது நானும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறேன். மல்லிகா போன மறுவாரம் அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். படிப்புக்குப் பிறகு என்ன செய்தாள் என்று கேட்டதற்கு, "சும்மா ஊட்லதானுங்க மேடம்" என்று தலைகுனிந்துகொண்டாள். என் பக்கத்தில் இருந்தவர் அடுத்த கேள்விக்குத் தாளைத் திருப்பினார்.

மல்லிகாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது கேட்கிறவருக்கு வரும் அந்த நடுக்கமும், பேனாவை எப்போது கீழே வைக்க வேண்டும் என்பதும்தான். வைத்தேன்.

"ஊட்ல காலைல எந்திரிச்சதும் மொதல் வேலை என்னங்க? அங்கிருந்து சொல்லுங்க" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கோழிப்பண்ணையத் தொறப்பேனுங்க" என்று ஆரம்பித்தாள்.