ராஜபார்ட் கட்டிய கைக்கடிகாரம்

அரிமளம் ஆத்மநாதன் ராஜா வேஷம் கட்டினால் தலையில் கிரீடம் இருக்கும், இடுப்பில் வாள் இருக்கும், இடது மணிக்கட்டில் சுவிட்சர்லாந்துக் கைக்கடிகாரம் இருக்கும். எந்த யுகத்து ராஜா ஐயா கடிகாரம் கட்டினார் என்று கேட்க ஆள் இல்லாமல் இல்லை. கேட்டவர்கள் எல்லாம் வெளியூரில் காலேஜ் படித்துவிட்டு லீவுக்கு வந்தவர்கள். ஊர்க்காரர்கள் கேட்கவில்லை. ராஜா என்று இருந்தால் நல்ல சாமான் நாலு போட்டுக்கொள்ளத்தான் செய்வார் என்று விட்டுவிட்டார்கள். அதுவும் நியாயம்தானே.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு முந்திய வருஷங்கள் அவை. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் எந்த ஊரில் திருவிழா என்றாலும் நாடகம் உண்டு. ராஜபார்ட்டுக்கு ஓர் ஊர், ஸ்திரீபார்ட்டுக்கு வேறோர் ஊர், ஆர்மோனியக்காரர் எங்கிருந்தோ வருவார். ஒத்திகை கித்திகை எல்லாம் கிடையாது. மேடையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அந்த மேடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாட்டு நன்றாக அமைந்துவிட்டால் கூட்டத்திலிருந்து யாராவது எழுந்து வந்து நடிகர் மார்பில் ஒரு மெடல் குத்துவார். உடனே கதை நிற்கும். நாட்டை இழந்து, பெண்டாட்டியைக் காட்டில் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருக்கும் ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சபைக்கு ஒரு கும்பிடு போடுவார். மெடல் கொடுத்தவர் பேர், அவர் தகப்பனார் பேர், கடை எந்த வீதியில் இருக்கிறது என்பது வரை சொல்லி நன்றி தெரிவித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழுவார். இதில் யாருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

இதற்குள் ஒரு வியாபாரம் இருக்கிறது என்று கண்டுகொண்டவர் கிபாயத்துல்லா ராவுத்தர். புதுக்கோட்டை டவுனில் கடிகாரக் கடை வைத்திருந்தார். மதராஸ் ஏஜெண்டு ஒருவர் தங்கக் கூடு போட்ட கைக்கடிகாரம் ஒன்றை அவரிடம் மாதிரிக்காகக் கொடுத்து, ஆர்டர் பிடித்துத் தரச் சொல்லியிருந்தார். வாங்கக்கூடிய பெரிய மனிதர்கள் எல்லோரும் சட்டைப் பையில் சங்கிலிக் கடிகாரம் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவதா, அது பொம்பளை வளையல் போடுகிற மாதிரி அல்லவா என்று சிரித்தார்கள். ராவுத்தர் யோசித்தார். ஒரு ராஜா கட்டினால் எவன் சிரிப்பான்?

அன்னவாசல் நாடகத்தில் முதல் தடவை நடந்தது. ஆத்மநாதன் உச்சத்தில் ஒரு பாட்டைப் பிடித்து நிறுத்தி இறக்கிய சமயம், ராவுத்தர் மேடையேறி, தன் கையாலேயே அந்தக் கடிகாரத்தை அவன் மணிக்கட்டில் கட்டினார். கூட்டம் ஓ என்று எழுந்தது. மெடல் பார்த்திருக்கிறார்கள், பட்டுத் துப்பட்டா போர்த்திப் பார்த்திருக்கிறார்கள், இப்படி ஒரு பொருளை யாரும் பார்த்ததில்லை. ஆத்மநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு ராஜா அழுததில் பாதி நிஜ அழுகை.

பொழுது விடிந்து அரிதாரத்தைக் கலைத்துக்கொண்டிருந்தபோது ராவுத்தர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சங்கடத்தோடு, கடிகாரத்தைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார். இது விளம்பரம் தம்பி, கம்பெனிக்காரன் பொருள், நம்மகிட்ட இருக்கிறதே இது ஒண்ணுதான் என்று விளக்கினார். அடுத்த ஊரிலும் மேடையேறிக் கட்டிவிடுவதாகவும், அதற்குத் தனியாகக் கவனித்துக்கொள்வதாகவும் சொன்னார். ஆத்மநாதன் முதலில் முழித்தான். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான். கழற்றிக் கொடுத்துவிட்டான்.

அன்றிலிருந்து ஊருக்கு ஊர் அதே கடிகாரம், அதே கை, அதே ராவுத்தர். ஒவ்வொரு ஊரிலும் ஆத்மநாதன் அப்போதுதான் பார்க்கிற மாதிரி மலைத்துப்போவான். நடிகன் அல்லவா. பிறகு ராவுத்தர் கதைக்குள்ளேயும் கை வைத்தார். ஏன் சுவாமி இத்தனை தாமதம் என்று ராணி கேட்பாள். ராஜா மணிக்கட்டைக் கியாஸ் விளக்குக்கு நேரே உயர்த்தி, "தாமதமா? தேவி, நம் கடிகாரம் விநாடி பிசகாதே!" என்பான். கொட்டகை கைதட்டலில் அதிரும்.

புதுக்கோட்டை ஸ்டூடியோவில் படம் எடுத்து நோட்டீஸ் அடித்தார்கள். கையை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு ஆத்மநாதன் நிற்பான். கீழே, 'சங்கீத ராஜபார்ட் அரிமளம் ஆத்மநாதன் அவர்கள் அணிவது' என்று இருக்கும். வசதியான வீட்டு மாப்பிள்ளைகள் ராஜபார்ட் கடியாரம் வேண்டும் என்று கல்யாணப் பேச்சில் முறுக்கிக்கொண்டார்கள். ஒரு பெரிய மிராசு கடைக்கு வந்து, கடிகாரத்துக்குள் ராஜா படம் இல்லையே, இது அசல்தானா என்று சண்டை போட்டாராம். அணிவதாகச் சொல்லப்பட்டவனோ மற்ற நாளெல்லாம் வெயிலைப் பார்த்துத்தான் மணி சொல்லிக்கொண்டிருந்தான்.

இத்தனை பேர் கைதட்டினாலும் ஆத்மநாதனுக்கு வேண்டியது இரண்டே கைகள். அவை அவனுடைய அண்ணன் சிவசாமியின் கைகள்.

அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவர்களுக்கு. அப்பாவும் ஆத்தாளும் ஒரே காலராவில் போய்விட, சிவசாமிதான் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தார். தான் ஏர் பிடித்துக்கொண்டு தம்பியைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். அவனைக் கணக்குப்பிள்ளையாகப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தம்பி ஒரு நாடகக் கோஷ்டியோடு போய்விட்டான். திரும்பி வந்தபோது மீசை மழித்து, முடி வளர்த்து வந்தான். ஆத்திரத்தில், வேஷம் கட்டுகிறவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கத் தெரியாத மனுஷர் அவர். அவருக்குத் தம்பியாகப் பிறந்ததால் இவனுக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு எங்காவது எதிர்ப்பட்டால் இருவரும் நேரே பேசுவதில்லை. கல்யாணம், கருமாதி என்று ஓர் இடத்தில் சேர்ந்துவிட்டால் நடுவில் அண்ணன் பெண்டாட்டி மருதாயி வேண்டும். வந்தவுகளைச் சாப்பிடச் சொல்லு என்பார் சிவசாமி. சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க மதினி என்பான் ஆத்மநாதன். இருவருக்கும் நடுவில் மூன்று முழம்கூட இருக்காது. மருதாயி இல்லாத இடத்தில் வண்டி மாட்டைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். மாடு பாவம், கேட்டுக்கொண்டு நிற்கும்.

அந்த வருஷம் சொந்த ஊரிலேயே அம்மன் திருவிழாவுக்கு ஆத்மநாதனைக் கூப்பிட்டார்கள். ஊரே கூப்பிட்டால் அண்ணனால் தடுக்க முடியாது. பார்க்க வருவாரா என்பதுதான் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை அண்ணன் முன்னால் நின்று பாடிவிட வேண்டும் என்று ஆத்மநாதன் ஏங்கினான். பசி மாதிரி ஓர் ஏக்கம் அது, வெளியே சொல்லிக்கொள்ளவும் வெட்கம்.

சிவசாமி வந்தார். தோள் துண்டைப் போட்டுக்கொண்டு முன் வரிசைக்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஊர் மொத்தமும் மேடையை விட்டுவிட்டு அவரையே பார்த்தது. ஆத்மநாதன் அன்று பாடினான் பாருங்கள், கடைக்கோடியில் தூங்கின குழந்தைகூட எழுந்து உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து ராவுத்தர் மேடையேறிக் கடிகாரத்தைக் கட்டினார். கூட்டம் எழுந்தது. கொடுத்தவர் பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில், ஆத்மநாதனுக்கு வாய் தவறியதோ, நெஞ்சு தவறியதோ, "இது எனக்குக் கிடைச்ச மரியாதை இல்லை சபையோர்களே, என்னைத் தூக்கி வளர்த்த எங்க அண்ணனுக்குக் கிடைச்சது" என்று சொல்லிவிட்டான்.

சிவசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

காலையில் மதினி கொட்டகைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். "தம்பி, வீட்டுக்கு வரச் சொல்லிட்டாரு. எலை போடச் சொல்லிட்டாரு" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். ஆத்மநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த கணமே திரும்பிப் பார்த்தான். ராவுத்தர் கடிகாரத்துக்காகப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவரைத் தனியே அழைத்துப் போய்க் கெஞ்சினான். அண்ணனுக்குக் கிடைத்தது என்று ஊரறியச் சொன்ன பொருள் இல்லாமல் எப்படி அந்த வாசலில் போய் நிற்பது என்று கேட்டான். ராவுத்தருக்கும் கூடப்பிறந்தவர்கள் உண்டு. தாடியைத் தடவிக்கொண்டு பஸ் வருகிற பாதையைப் பார்த்தார்.

"பஸ்ஸு வர்ற வரைக்கும் கையிலேயே இருக்கட்டும் தம்பி. போய் நெஞ்சு நெறையச் சாப்பிட்டு வாங்க" என்றார்.

அத்தனை வருஷம் கழித்து ஆத்மநாதன் அந்த வாசப்படியைத் தாண்டினான். தெருவே பின்னால் வந்தது. ஆளுக்கு ஒரு தடவை கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், காதில் வைத்துக் கேட்டார்கள். மருதாயி அதைக் கும்பிடவே கும்பிட்டாள். இனிமேல் யாராவது எங்க கொழுந்தனைக் கூத்தாடி என்று சொல்லட்டும் பார்ப்போம் என்று தெருவுக்கே சவால் விட்டாள். சிவசாமி தம்பிக்கு நேர் எதிரே இலையில் உட்கார்ந்து, மருதாயியிடம், "வந்தவுகளுக்குக் கொழம்பை ஊத்து" என்றார்.

ஆத்மநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அண்ணன் கூப்பிட்டது தன்னையா, கடிகாரத்தையா என்ற கேள்வி அரித்தது. கடிகாரத்தைத்தான் என்றால், அது பஸ்ஸில் ஏறிப் போன பிறகு இந்த வாசல் திறந்திருக்குமா? பேசாமல் இருந்துவிட்டால் என்ன? புதுக்கோட்டையில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று காலம் பூராவும் சொல்லிக்கொள்ளலாம். மேடையில் அதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லியிருக்கிறான். ஆனால் அண்ணன் குனிந்து சாப்பிடுகிறபோது உச்சந்தலையில் நரை தெரிந்தது. அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

வெளியே பஸ் ஆரன் கேட்டது. ராவுத்தர் வாசலுக்கு வந்து, உள்ளே கூப்பிடத் தயங்கி, குடையை ஊன்றிக்கொண்டு தெருவையே பார்த்து நின்றார்.

ஆத்மநாதன் இடது கையைத் தூக்கிப் பல்லால் வாரைக் கடித்து அவிழ்த்தான். கடிகாரத்தை இலைக்குப் பக்கத்தில் வைத்தான். எப்போதும்போல மதினியைப் பார்த்துத்தான் ஆரம்பிக்கப் போனான். முடியவில்லை.

"அண்ணே" என்றான். "இது எனக்குக் குடுத்தது இல்லண்ணே. வெளம்பரத்துக்கு. ஊருக்கு ஊரு கட்டுவாரு, காலையில வாங்கிக்கிருவாரு. நேத்து ஒங்களைப் பார்த்ததும் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

மருதாயி கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். சிவசாமி வாயில் இருந்த கவளத்தை மெதுவாக மென்று விழுங்கினார்.

"தெரியும்டா" என்றார்.

நேராகச் சொன்னார். மாடும் இல்லை, மருதாயியும் இல்லை, நடுவில் யாருமே இல்லை.

"அன்னவாசல்ல குடுத்தாரு. கொடும்பாளூர்ல குடுத்தாரு. ஒவ்வொரு ஊர்லயும் நீ வாயைப் பொளந்துக்கிட்டு நின்ன. நான் பின்னால நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

ஆத்மநாதனுக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்றே சந்தேகமாக இருந்தது. மருதாயி புருஷனையே வெறித்துப் பார்த்தாள். சந்தைக்குப் போறேன், மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கப் போறேன் என்று துண்டை உதறிக் கிளம்பின பயணமெல்லாம் அவளுக்கு ஒன்றொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். "புண்ணாக்கு வாங்கவா போனீக" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

சிவசாமி கடிகாரத்தைப் புறங்கையால் தம்பி பக்கம் மெல்லத் தள்ளினார்.

"அதை அவருகிட்டக் குடுத்துட்டு வந்து உக்காரு. பஸ்ஸு போயிரும்."

ஆத்மநாதன் எழுந்து போய்க் கொடுத்தான். ராவுத்தர் அவன் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தோளைத் தட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். வெறுங்கையோடு திரும்பி வந்து இலை முன்னால் உட்கார்ந்த தம்பியிடம் சிவசாமி, இலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"கொடும்பாளூர்ல ஒனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. பனங்கல்கண்டு வாங்கி மடியில வச்சுக்கிட்டுக் கொட்டகைக்குப் பின்னாலயே நின்னேன். நீ வேசத்தைக் கலைச்சுக்கிட்டு உக்காந்திருந்த. குடுக்கணும்னுதான் நின்னேன்டா. கிட்ட வரக் கால்தான் வரலை."

எத்தனையோ ராஜாக்களாக நின்று ராகம் போட்டு அழுதவனுக்கு, அன்றைக்கு எப்படி அழுவது என்றே தெரியவில்லை. சின்னப் பையன் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லி அண்ணனிடமே கேட்டான். மருதாயி கரண்டியை எடுக்கப் போனாள். சிவசாமி அவளைத் தடுத்துவிட்டுத் தன் கையால் அள்ளி வைத்தார்.