துருவி அக்கா காலியாக விட்ட முகவரி

எங்கள் மேலாளரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மனுஷரைப் பற்றி அல்ல, துருவி அக்காவைப் பற்றி.

காது கேளாத குழந்தைகளுக்குக் கருவி வாங்கித் தரும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. மாடியில் ஒரே கூடம், சில மேசைகள், ஓயாமல் கரகரக்கும் ஒரு பிரிண்டர். நான் ரசீது அச்சடித்து உறையில் போடுகிறவள். நன்கொடை தருகிறவர்களின் முகவரிகளைக் கம்ப்யூட்டரில் சரியாக வைத்திருப்பது அக்காவின் வேலை. 'துருவி' என்பது அவள் துருவித் துருவிக் கேட்பதால் வந்த பட்டப்பெயர். ஒரு கடிதம் 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டால் போதும், அக்காவுக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீடு, பழைய ஆபீஸ், சம்பந்தி வீடு என்று போன் போட்டு எல்லார் உயிரையும் வாங்கிப் புது முகவரியைப் பிடித்துவிடுவாள். திரையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் பல்லில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி தவிப்பாள். என் கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால், மண்டபத்துக்குக் கதவு எண் போடவில்லையே என்றாள்.

அவளிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. யார் போன் செய்தாலும் முகவரியை அவர்கள்தான் சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது. புதிதாக வந்த மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. பணம் தருகிறவர்களைப் போலீஸ் மாதிரி விசாரிப்பதா, நாமே படித்துக் காட்டி 'சரிதானே?' என்று கேட்டால் முடிந்தது என்றார். அக்கா கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் சுவரில் புது விதி ஒட்டியிருந்தது.

எங்களுக்கு மாதா மாதம் பணம் அனுப்புகிற ஒரு தையல்காரி இருந்தாள். அவள் மகளுக்குக் கருவி கொடுத்ததே நாங்கள்தான். கருவிக்கான பேட்டரியைத் தபாலில் அனுப்புவோம். அடித்து நொறுக்குகிற புருஷனிடமிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தவள், பேட்டரிக்காகத்தான் புது முகவரியை அக்காவிடம் நேரில் வந்து கொடுத்தாள். 'யாருக்கும் சொல்லக் கூடாது' என்று அக்கா அந்தப் பதிவிலேயே குறித்து வைத்தாள். எனக்கு அப்போது இந்தக் கதை எதுவும் தெரியாது.

ஒரு நாள் மதியம் அக்கா டிபன் டப்பா கழுவப் போயிருந்தபோது அவள் மேசையில் போன் அடித்தது. மேலாளர் எடுத்தார். தையல்காரியின் வீட்டுக்காரர் பேசுகிறேன், ரசீது வரவில்லை என்றானாம் அவன். இவர் பதிவைத் திறந்தார். குறிப்பு கண்ணெதிரேதான் இருந்தது, அதைப் படிக்க இவருக்கு எங்கே பொறுமை? கதவு எண், சந்து, மாவு மில்லுக்கு எதிர் மாடி என்று தேனொழுகப் படித்துக் காட்டினார். வைத்துவிட்டு, பார்த்தாயா எவ்வளவு சுலபம் என்று என்னிடம் பெருமை வேறு.

ஈரக் கையோடு வந்த அக்கா யார் பேசியது என்று கேட்டாள். சொன்னார்.

"படிச்சுக் காட்டிட்டீங்களா?"

"அவங்க வீட்டுக்காரர்தானேம்மா."

"அவன்கிட்டருந்துதான் சார் அவ ஒளிஞ்சிருக்கா."

அதற்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். வண்டியில் போகும்போது போன் போட்டுக்கொண்டே இருந்தாள், தையல்காரி எடுக்கவில்லை. நடுநடுவே எனக்குக் கதையைச் சொன்னாள். மேலாளரைத் திட்டிய திட்டை எழுத முடியாது. நானும் சேர்ந்து திட்டினேன்.

நல்லவேளை, எங்களுக்கு முன்னால் அவன் வந்திருக்கவில்லை. மெஷின் சத்தத்தில் போன் கேட்கவில்லையாம். விஷயத்தைக் கேட்டதும் தையல்காரி அழவில்லை. பாதி தைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தாள்.

"உங்கள நம்பித்தானே குடுத்தேன்" என்றாள்.

அக்கா ஒரு பையை எடுத்து விரித்தாள். இரண்டு பேரும் பையில் துணியைத் திணித்தார்கள். அந்தக் குழந்தை காதிலிருந்து கருவியைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டது. எனக்கு அந்த மேலாளரை இழுத்து வந்து இதைப் பார்க்க வைக்க வேண்டும் போலிருந்தது.

சந்து முனையில் வண்டி ஏறும்போது, போகிற இடத்தைச் சொல்கிறேன், பேட்டரிக்கு எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் தையல்காரி.

"வேண்டாம்மா. எனக்கே தெரிய வேண்டாம். பேட்டரி தீந்தா போன் பண்ணுங்க, நீங்க சொல்ற இடத்துக்கு நானே கொண்டு வந்து தரேன்" என்றாள் அக்கா.

அன்று சாயங்காலமே அவன் வந்து பூட்டை உடைத்து, மெஷினைக் கீழே தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். மில்காரர் சொல்லித்தான் தெரிந்தது. மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "த்சொ" என்றார். அவ்வளவுதான், ஒரு "த்சொ".

அடுத்த கூட்டத்தில் அவரே திரையைக் காட்டினார். ஒரே ஒரு பதிவில் முகவரிக் கட்டம் காலி. நீங்களா இப்படி விடுவது, இன்றைக்கே நிரப்புங்கள் என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். அக்கா எழுந்தாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். குரல் உயரவே இல்லை.

"நிரப்பினா நீங்க படிச்சுக் காட்டுவீங்க சார்."

பிறகு சுவரில் ஒட்டியிருந்த அந்த விதியைக் கிழித்து அவர் மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.